மூன்றடிச் சந்தின் வசவு வைத்தியம்

சித்திரை மாதத்துப் பதினோராம் நாள் காலை பத்தேகால் மணிக்குப் புன்னைக்கோட்டை நடுத்தெருவின் மூன்றடிச் சந்தில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், நானும் இருந்தேன், என் கண்ணால் பார்த்தேன் என்று பிற்பாடு சொன்னவர்களையெல்லாம் சேர்த்தால் அந்தச் சந்தில் எண்ணூறு பேர் நின்றிருக்க வேண்டும். இருந்தவர்கள் ஐவர். கிழக்கு வீட்டு அடுக்களைச் சன்னலில், பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்ற பரிபூரணம். நேர் எதிரே, மேற்கு வீட்டு அடுக்களைச் சன்னலில், அவருடைய கணவரின் அண்ணன் மனைவியான ஆவுடைத்தாய். கீழே சந்தில், அரிசி மூட்டை இறக்க வந்த ஆட்டோக்காரர் இருதயராஜ். தொட்டித் தண்ணீரில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்க வந்த ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ரஹ்மத் நிஷா. சாக்கடை அடைப்பைப் பார்வையிட வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு அதைப் பார்க்காமலே நின்ற வார்டு கவுன்சிலர் கொம்பையா. ஒரு வெள்ளாடும் இருந்தது. அது யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை; ஆகவே சேர்த்துக்கொள்ளவில்லை.

சந்து மூன்றடி அகலம், நாற்பதடி நீளம். முப்பத்தோர் ஆண்டுகளுக்கு முன்பு அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டபோது, கிழக்கு வீட்டையும் மேற்கு வீட்டையும், தென்னை மரங்களையும் திருகையையும், சாமி படங்களையும் தவறாமல் எழுதிய பத்திரக்காரர் இடையிலிருந்த சந்தை மட்டும் எழுத மறந்துபோனார். அந்த மறதியிலிருந்து ஒரு வழக்கு முளைத்தது. வழக்கைப் போட்ட அண்ணனும் போய்ச்சேர்ந்தார், தம்பியும் போய்ச்சேர்ந்தார். வழக்கு மட்டும் போகவில்லை. அதை அவரவர் மனைவியர் எடுத்துக்கொண்டு, நீதிமன்றம் பாதி வேகத்தில் நடத்தியதை அடுக்களைச் சன்னல்கள் வழியே முழு வேகத்தில் நடத்திவந்தார்கள்.

அன்றும் அப்படித்தான் தொடங்கியது. ஆவுடைத்தாய் வாங்கிய அரிசி மூட்டையைச் சந்தில் இறக்கியது குற்றம் என்றார் பரிபூரணம்.

"முதுகெலும்பில்லாத உயிரினங்களைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் உங்கள் முகம்தான் எனக்கு நினைவுக்கு வரும், ஆவுடைத்தாய். அதனாலேயே என் மாணவியருக்கு அந்தப் பாடம் தெளிவாக விளங்கிற்று."

பரிபூரணம் ஏசும்போதும் இலக்கணத்தைக் கைவிடமாட்டார். மரியாதை விகுதியையும் விடமாட்டார்.

"ஏட்டி பூரணம்," என்றார் ஆவுடைத்தாய், "தவளைய அறுத்த கைதானட்டி அது? அந்தக் கையால சோறு வடிச்சா பருக்கை துள்ளாம என்ன செய்யும்? உன் வீட்டுப் பந்தியில சாப்பிட்டவன் எல்லாம் எலைய விட்டு எந்திரிச்சா போனான்? தாவித் தாவில்லா போனான்!"

வானத்தில் ஒரு பஞ்சுத்துண்டு மேகம்கூட இல்லை. இருந்தும் சந்தில் மழை வாசனை எழுந்தது; காய்ந்த மண்ணில் முதல் தூறல் விழும்போது எழுகிற அதே வாசனை. பரிபூரணம் பதில் சொல்லச் சொல்ல, ஆவுடைத்தாய் அதற்கு மேல் சொல்லச் சொல்ல, வாசனை கணுக்காலிலிருந்து முழங்காலுக்கும், முழங்காலிலிருந்து மூக்குக்கும் ஏறிற்று. வெறுங்காலோடு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த இருதயராஜின் கெண்டைக்காலில், ஆட்டோ சைலன்சர் சுட்டு நான்கு மாதமாக ஆறாமல் சீழ் வடிந்துகொண்டிருந்த புண், காய்ச்சிய பாலில் ஏடு படிவதுபோல ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்ல மூடி, சிவந்து, வெளுத்து, தோலாகியது.

இருதயராஜ் அதைத் தடவிப் பார்த்தார். கொம்பையா மூக்கிலிருந்து கையை எடுத்தார். டாக்டர் குனிந்து விரலால் அழுத்தி, "வலிக்குதா?" என்றார்.

"இல்லம்மா, அரிக்கி."

"அரிச்சா நல்லது."

"அப்போ நான் கெளம்புதேன். பள்ளிக்கூடப் புள்ளைகளை ஏத்தணும்" என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு அவர் போய்விட்டார். மாலைக்குள் ஊரில் புண் உள்ளவர் அனைவருக்கும் செய்தி தெரிந்திருந்தது. மறுநாள் காலையில் சந்தின் வாயில் பதினேழு பேர் நின்றார்கள்.

டாக்டர் ரஹ்மத் நிஷா படித்தவர்; ஆகவே முதலில் நம்பாமல் இருந்து பார்த்தார். சந்து மண்ணைப் புட்டியில் அடைத்துச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோய் ஒரு நோயாளியின் காலடியில் பரப்பினார். அது வெறும் மண்ணாகக் கிடந்தது. சண்டை இல்லாத நேரத்தில் சந்திலேயே நோயாளியை நிறுத்தினார். அப்போதும் வெறும் மண். ஆய்வகத்துக்கு அனுப்பியதற்கு, 'இது மண்' என்று ஒரு வரியில், முத்திரையுடன், பதில் வந்தது. கடைசியில் அவர் பரிபூரணத்தின் சன்னலடியில் வந்து நின்று, "டீச்சர், இது என்னன்னு உங்களுக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

பரிபூரணத்துக்குத் தெரியும். இதற்காகவே பிறந்தவர்போல அவர் ஒருகாலத்தில் இருந்தார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, கூட்டுக் குடும்பமாக இருந்த காலத்தில், குளக்கரைப் புன்னை மரத்தடி மண்ணைக் கண்ணாடித் தட்டுகளில், கடல்பாசிக் கூழின்மேல் தூவி, கதகதப்புக்காக அடுக்களைப் பரணில் வைத்து வளர்த்தார். பத்தாவது தட்டில் சுண்ணாம்புப் பொட்டுபோல ஒரு வெள்ளைக் கிருமிக்கூட்டம் வளர்ந்து, தன்னைச் சுற்றி வேறெந்தக் கிருமியும் நெருங்காத தெளிந்த வளையம் ஒன்றைப் போட்டுக்கொண்டது. தட்டை நேரில் கொண்டுவந்தால் ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்வதாக மதுரைப் பேராசிரியர் கடிதம் எழுதினார். புறப்படவிருந்த நாளுக்கு முந்தின நாள், தட்டு அடுக்களைத் தரையில் சில்லுசில்லாகக் கிடந்தது. சில்லுகளின் நடுவே வீட்டுப் பூனை உட்கார்ந்து கால் நக்கிக்கொண்டிருந்தது. பரிபூரணம் இரண்டு நாள் உண்ணவில்லை. மூன்றாம் நாள் பூனையைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவந்தார். பூனை திரும்பி வந்தது. இப்படி மூன்று முறை நடந்தபின் பூனையோடு பேசுவதை நிறுத்திக்கொண்டு, பள்ளிக்கூட வேலையில் சேர்ந்தார். அந்தப் பூனையின் வாரிசுகள் இன்றும் சந்துச் சுவரில் உட்கார்கின்றன. ஒன்றுக்கும் அவர் ஒரு துளி பால் ஊற்றியதில்லை.

"ஒரு சிட்டிகை மண்ணில் கோடிக்கணக்கான உயிர்கள் இருக்கின்றன, டாக்டர்," என்றார். "அவற்றுக்குப் பல் இல்லை, நகம் இல்லை, சன்னலும் இல்லை. பக்கத்தில் ஒருவன் வந்து இடத்தைப் பிடித்தால் அவனை விரட்ட ஒரு நஞ்சைக் கசியவிடுகின்றன. அது அவற்றின் வசவு. அதைத்தான் நாம் மருந்து என்று பெயரிட்டுப் புட்டியில் அடைத்து விற்கிறோம். மழை வாசனையும் அவை விடுவதுதான். இந்தச் சந்து மண் முப்பத்தோர் ஆண்டுகளாக எங்கள் இருவரின் பேச்சைக் கேட்டு வளர்ந்தது. நல்ல வசவைக் கேட்டால் அதுவும் ஏசுகிறது. இதில் வியக்க என்ன இருக்கிறது?"

டாக்டர் வியப்பதை விட்டுவிட்டு, நோயாளிச் சீட்டில் எழுதத் தொடங்கினார்: 'காலை பத்து மணி வசவு ஒரு வேளை, மாலை நாலரை மணி வசவு ஒரு வேளை, ஐந்து நாள், இடையில் நிறுத்தக் கூடாது.'

ஊர் இதை ஏற்றுக்கொண்ட வேகத்தில், இதற்கு முன் ஊர் எப்படி இருந்தது என்பதையே மறந்துபோனது. பேரூராட்சி சந்தின் நீளத்துக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டது. டோக்கன் வந்தது, டீக்கடை வந்தது, மழை வாசனையை உண்மை என்று நம்பிக் குடையோடு வந்த வெளியூர்க்காரர்களுக்குக் குடை வைக்க ஒரு தொட்டி வந்தது. நோயாளிகள் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் கால் பதித்து, இரண்டு சன்னல்களையும் மாறி மாறி அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். எழும்போது, "இன்னைக்கு மேற்கு கொஞ்சம் காரம் கம்மி" என்றும், "கிழக்குல ஒரு சொல்லு போட்டா பாத்தியா, என் சிரங்கு அங்கனயே சுருங்கிட்டு" என்றும் பேசிக்கொண்டு போனார்கள். யாராவது ஒரு வயதானவர் அறியாமல், "ரெண்டு பேரும் ஒரு வீட்டுல வாழ வந்தவங்கதானே, சமாதானமாப் போகக் கூடாதா?" என்று கேட்டுவிட்டால், கொம்பையா பாய்ந்து வந்து அவரைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோய் விட்டார்.

தவறு என்று சொன்னால் அது ஊரின் தவறு. ஐந்து நாள் என்று டாக்டர் எழுதினால் இரண்டாம் நாளே புண் காய்ந்துவிட்டது என்று ஆட்கள் நின்றுகொண்டார்கள். முகப்பருவுக்கும் கொசுக்கடிக்கும் வந்து உட்கார்ந்தார்கள். வராதவர்கள் வசவைக் கைப்பேசியில் பதிந்து கொண்டுபோய், வீட்டில் கொல்லை மண்ணுக்குப் போட்டுக் காட்டினார்கள். விளைவு மூன்றே மாதத்தில் தெரிந்தது. கேட்டுப் பழகிய வசவுக்குப் புண்கள் அசையவில்லை. முதுகெலும்பில்லாத உயிரினம் என்பதற்குத் தொடக்கத்தில் மூடிய புண், இப்போது அதைக் கேட்டுக் கொட்டாவி விடாத குறையாகத் திறந்தே கிடந்தது. தவளைக் கை என்பது ஆடி மாதத்தில் செத்துப்போனது. பரிபூரணம் புதிய வசவுகளைத் தேடி நூலகத்துக்குப் போகவேண்டியதாயிற்று. ஆவுடைத்தாய் மீன் சந்தைக்குப் போய்வந்தார்.

"கொசுக்கடிக்கெல்லாம் வரக் கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்!" என்று டாக்டர் சந்தின் வாயில் நின்று கத்தினார். "நல்ல வசவையெல்லாம் இப்படிச் சில்லறைக்குச் செலவழிச்சிட்டா, நாளைக்குப் பெரிய புண்ணு வந்தா எதைக் கொண்டு ஏசுறது?"

யாரும் கேட்கவில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருந்தது. அதைப் பரிபூரணம் ஒருவரே கவனித்தார். நாளைக்கு இரண்டு வேளை, தவறாமல், ஊர்ச் சேவையாக ஏசிக்கொண்டதில், இருவரும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்களைப்போல ஆகிவிட்டார்கள். ஆவுடைத்தாய்க்கு மூச்சு வாங்கினால் பரிபூரணம் தம் முறையை இழுத்து நீட்டிப் பேசினார். பரிபூரணத்துக்குத் தொண்டை கட்டினால் மேற்குச் சன்னலிலிருந்து ஒரு கழியின் நுனியில் மிளகுக் கஷாயத் தூக்குவாளி வந்தது. ஒருநாள் தீபாவளி விடுமுறைக்கு ஆவுடைத்தாய் மகள் வீட்டுக்குப் போய்விட, மாலை நாலரை மணிக்குப் பழக்கத்தில் சன்னலைத் திறந்த பரிபூரணம், எதிர்ச்சன்னல் சாத்தியிருப்பதைப் பார்த்து அரைமணி நேரம் அங்கேயே நின்றார். அன்று தாம் உணர்ந்தது கோபமன்று என்பதைக் கண்டபோது, தம் மீதே அவருக்கு மதிப்புக் குறைந்தது.

மார்கழியில் ஆவுடைத்தாயின் குதிகாலில் கருவேல முள் ஏறியது. சர்க்கரை உடம்பு. முள் வெளியே வந்துவிட்டது, புண் ஒன்றும் ஆகவில்லை என்று அவர் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு பாதம் கறுக்கத் தொடங்கியது. டாக்டர் ரஹ்மத் நிஷா தம்மிடம் இருந்த மாத்திரைகளையும் ஊசிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார். எந்த மருந்துக்கும் அந்தப் புண்ணிலிருந்த கிருமிகள் அசையவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் தேறவில்லையானால் சனிக்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மீதி இருந்தது மண் மட்டும். மண்ணுக்கு வேண்டியது வசவு. வசவு சொல்லவேண்டியவர் பரிபூரணம்.

திங்கட்கிழமை அவர் ஏசினார், வாசனை எழவில்லை. செவ்வாய்க்கிழமை, வழக்கின் பழைய தாள்களைக் கொம்பையா எடுத்துவந்து நினைவூட்டுவதற்காக உரக்கப் படித்தார். அதைக் கேட்டு ஆடு தூங்கிற்று. புதன்கிழமை, நடுத்தெருப் பெண்கள் முறைவைத்துப் பரிபூரணத்தின் வீட்டுக்கு வந்து, ஆவுடைத்தாய் அவரைப் பற்றி இன்னின்னது சொன்னதாக இட்டுக்கட்டிக் கோள் சொன்னார்கள். பரிபூரணம் ஒவ்வொன்றையும் கேட்டு, "இது அவர் சொன்னதாக இருக்க முடியாது. அவர் சொல்லியிருந்தால் இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பார்" என்று திருப்பி அனுப்பினார். வியாழக்கிழமை அவர் மேசையில் உட்கார்ந்து, ஆவுடைத்தாயின் குற்றங்களை முறைப்படி ஒரு பட்டியலாக எழுதினார். பதினான்காவதை எழுதும்போது சிரிப்பு வந்துவிட்டது. தாளைக் கிழித்துப் போட்டார். மனப்பூர்வமாக ஒருவரை வெறுத்தால் அவருடைய கால் பிழைக்கும்; தம்மால் அது முடியவில்லை. அந்தத் தோல்வியைப்போல் ஒரு தோல்வி அவர் அதற்குமுன் கண்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சந்தில் அதே ஐவர் இருந்தார்கள். நோயாளிகளைக் கொம்பையா அனுப்பிவிட்டிருந்தார். ஆவுடைத்தாயை இருதயராஜ் தூக்கிவந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருத்தி, கட்டைப் பிரித்துக் காலை மண்ணில் வைத்தார். உட்கார்ந்திருப்பவரைச் சன்னலில் நின்று ஏசுவது முறையாகாது என்று பரிபூரணமும் இறங்கிவந்து எதிரே ஒரு நாற்காலியில் அமர்ந்தார். முப்பத்தோர் ஆண்டுகளில் இருவரும் அவ்வளவு அருகில் உட்கார்ந்ததில்லை, முழங்கால்கள் இடித்துக்கொண்டன.

பரிபூரணம் தொடங்கினார். முந்தின இரவெல்லாம் கட்டி வைத்திருந்த வசவு அது. பாசிகளிலும் பூஞ்சைகளிலும் தொடங்கி, ஒட்டுண்ணிகள் வழியாக ஊர்வனவற்றில் ஏறி, ஆவுடைத்தாயின் பிறந்த ஊர், அங்கே ஓடும் ஓடை, ஓடையில் ஓடாத தண்ணீர் எனப் பரந்து, பதினைந்து நிமிடம் தடையின்றிப் போயிற்று. கொம்பையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் குனிந்து மண்ணை முகர்ந்தார். நிமிர்ந்து, இல்லை என்று தலையசைத்தார்.

"நல்லாத்தான் சொல்லுத," என்றார் ஆவுடைத்தாய். "சூடு இல்லட்டி. ஆறின காப்பி கணக்கா இருக்கு."

"எனக்கு வரவில்லை, அக்கா" என்றார் பரிபூரணம்.

அக்கா என்ற சொல் தம் வாயிலிருந்து வந்ததை அவரே பிறகுதான் கவனித்தார். இனி ஒன்றுமில்லை என்று டாக்டர் பையைத் திறந்து கட்டுத் துணியை எடுத்தார்.

ஆவுடைத்தாய் தம் காலைப் பார்த்தார். பிறகு சுவர்மேல் உட்கார்ந்திருந்த சாம்பல் பூனையைப் பார்த்தார். பிறகு புடைவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பூரணம், ஒண்ணு சொல்லணும். செத்தா வாயோட போயிரட்டும்னு இருந்தேன். அந்தக் கண்ணாடித் தட்டு இருந்துல்லா, பரண்ல?"

பரிபூரணம் நிமிர்ந்தார்.

"அது பூனை இல்லட்டி. நான்தான். பரணைத் துடைக்கப் போனேன். பாத்தா கடல்பாசி, மேல வெள்ளை பூத்துக் கெட்டுப்போயி இருந்துச்சு. நீ திங்கதுக்குச் செஞ்சு மறந்துட்டேன்னு நெனச்சேன். ஒரு விரல் வாயில வச்சும் பாத்தேன், இனிப்புமில்ல, ஒண்ணுமில்ல."

"வாயிலா வச்சீங்க?" என்றார் டாக்டர்.

"கெட்டதா நல்லதான்னு பின்ன எப்படித் தெரியும்? வழிச்சு இந்தா, இந்தச் சந்துலதான் கொட்டினேன். தட்டைச் சாம்பல் போட்டு வெளக்கும்போது கை தவறி உடைஞ்சிட்டு. நீ மதுரைக்குப் போகணும்னு குதிச்சிக்கிட்டு இருந்த நேரம். எனக்குப் பயம். சில்லை அடுக்களைத் தரையில பரப்பி, பூனையப் பிடிச்சு உள்ள விட்டுக் கதவைச் சாத்திட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, தொடங்கியதை முடித்துவிடுவது என்ற உறுதியோடு சொன்னார். "நீ ரெண்டு நாள் திங்காம கெடந்தப்போ கஞ்சி கொண்டுவந்தது நான்தான. உன்கூட உக்காந்து, பாழாப்போற பூனைன்னு நானும் சேந்துதான ஏசுனேன். ரெண்டாந் தடவை சாக்கு கிழிஞ்சு போச்சுன்னு வேற சாக்கு குடுத்ததும் நான்தான்."

பரிபூரணம் எழுந்து நின்றார்.

வாய் திறந்தது. முப்பத்தோர் ஆண்டுகளாகச் சேர்த்த சொற்கள், நூலகத்துச் சொற்கள், வகுப்பறைச் சொற்கள், இதுவரை யார்மேலும் எறியாமல் பெரிய தேவைக்கென்று ஒதுக்கிவைத்திருந்த சொற்கள், எல்லாம் ஒரே நேரத்தில் தொண்டைக்கு ஏறி, ஒன்றையொன்று நெருக்கி, ஒன்றுகூட வெளியே வர வழியில்லாமல் நின்றன. அவருடைய மூக்கின் நுனி வெளுத்தது. மூக்குக்கண்ணாடிக்குள் கண்கள் அசையவே இல்லை. மதுரையும், பேராசிரியரின் கடிதமும், தட்டிலிருந்த தெளிந்த வளையமும், பால் கிடைக்காத நான்கு தலைமுறைப் பூனைகளும் அந்த மௌனத்துக்குள் வந்து நின்றன.

அப்போது மழை வாசனை எழுந்தது. இதுவரை எழுந்ததெல்லாம் தூறல் என்றால் இது ஐப்பசி அடைமழை. சந்து நிறைந்து, சுவர் ஏறி, நடுத்தெருவில் இறங்கி, கடைவீதி வரை போயிற்று. தெருப் பெண்கள் ஓடிப்போய்க் கொடியில் காய்ந்த துணிகளை அள்ளினார்கள். வத்தல் காயவைத்தவர்கள் பாயோடு சுருட்டினார்கள். வெள்ளாடு ஆட்டோவுக்குள் ஏறிக்கொண்டது. நாற்காலியின் கீழே ஆவுடைத்தாயின் பாதத்தில், கறுப்பு சிவப்பாகி, ஓரங்கள் நடுவை நோக்கி நகர்ந்து, பால் ஏடு படிவதுபோலப் படியத் தொடங்கின.

"வருது! மூடுது!" என்று டாக்டர் மண்ணில் மண்டியிட்டார். "ஆனா ஒரு வேளை போதாதுமா. அஞ்சு நாள் விடாம வேணும்."

"அதைப் பத்திக் கவலைப்படாதிய," என்றார் ஆவுடைத்தாய், காலைப் பார்த்தபடி. "இவ இனிமே என்கூடப் பேசாம இருக்கதே அஞ்சு வருஷத்துக்குக் காணும்." பிறகு தலையை உயர்த்தி, முதல் முறையாகக் கெஞ்சும் குரலில் கேட்டார். "ஏட்டி பூரணம். ஏதாவது ஒண்ணு சொல்லிட்டுப் போயேன்."

பரிபூரணம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் மாட்டிக்கொண்டார். நாற்காலியை மடக்க முடியாது என்பதால் சுவரோரம் நகர்த்தி ஒழுங்காக வைத்தார். சந்தின் வாயை நோக்கி நடந்தவர், சுவர்மேலிருந்த சாம்பல் பூனையின் எதிரே நின்று, பெரியவர்கள்முன் நிற்பதுபோலப் புடைவைத் தலைப்பை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டார். பூனை அவரைப் பார்க்கவில்லை. அதன்பின் அவர் டீக்கடையையும், டோக்கன் மேசையையும், குடைத் தொட்டியையும் கடந்து, பளிச்சென்ற வெயிலில், பால்காரர் வீட்டுப் பக்கமாக, ஒரு சொல்லும் சொல்லாமல் நடந்து போனார்.